ரெண்டு சைபராகும் ஊர்

எதைச் சொன்னாலும் 'ஆமாம்' என்பவர்கள் ஒரு வகை. எதைச் சொன்னாலும் 'இல்லை' என்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரோடும் எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். அந்த மேடம் மூன்றாவது வகை. எதைச் சொன்னாலும் "எந்த ஊர்ல?" என்று கேட்பார்.

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு டிடிபி கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பஞ்சாயத்து மனு, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் அடித்துக்கொடுப்பேன். பி.எச்டி. ஆய்வேடுகளும் வரும். உள்ளே இருக்கும் விஷயம் எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனால் கணக்குக் குறியீடுகளை என்னைப் போல் அடிக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவர் முதல் தடவை வந்தபோது ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நான் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாரிடமும் சொல்கிற மாதிரி, "இதெல்லாம் அடிக்க ஒரு மாசம் ஆவும் மேடம்" என்றேன்.

"எந்த ஊர்ல?"

எனக்குச் சுருக்கென்றது. "திண்டிவனத்துலதான். வேற எங்க? ஜல்தி வேணும்னா மெட்ராசுக்குக் கொண்டுபோங்க."

"கோச்சிக்காதம்மா. நிஜமாத்தான் கேக்கறேன். இங்க ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் கரண்ட்டு இருக்குது? கல்யாண மாசம் வருதே, பத்திரிக வேலய நிறுத்திட்டு இத அடிப்பியா? அதெல்லாம் சேத்து ஒரு மாசமா, இல்ல சும்மா வாய்ல வந்த ஒரு மாசமா?"

சும்மா வாயில் வந்த ஒரு மாசம்தான். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூன்றரை மாதம் வந்தது. அப்படியே சொன்னேன். "இது சரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். சரியான பேஜாரு கேஸ் வந்து மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர். ஒல்லி. விழுப்புரத்திலிருந்து தினமும் காலைப் பாசஞ்சரில் வந்து, இங்கே ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பெயரில்தான் கௌரவம், மற்றதெல்லாம் தினக்கூலி மாதிரி. பிறந்தது வளவனூர்ப் பக்கம் ஒரு காலனியில். அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டுகிறவர்கள். இதை அவர் பெருமையாகவும் சொன்னதில்லை, அழுகையாகவும் சொன்னதில்லை. ஒருநாள் நான் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தபோது, "எங்கம்மா வெட்டுனதா இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடித்தார், அவ்வளவுதான்.

ரயில் எட்டரைக்கு வரும். கல்லூரி ஒன்பதரைக்கு. நடுவில் உள்ள நேரம் என் கடையில். நான் அடித்து வைத்திருப்பதை வாங்கி எண்களை மட்டும் விரல் வைத்துப் பார்ப்பார். கையில் எப்போதும் ஒரு பொட்டலம் அவித்த மல்லாட்டை இருக்கும்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. பிளாட்பாரத்தில் விற்கிற அம்மாளிடம் வாங்குவது. அந்த அம்மாளுக்கும் சென்னைக்காரப் பெண் ஒருத்திக்கும் ஒருநாள் தகராறு வந்ததாம். அந்தப் பெண் "வேர்க்கடலை இருக்கா?" என்று கேட்க, விற்கிற அம்மாள் "அதெல்லாம் இல்லம்மா, மல்லாட்டதான் இருக்குது" என்று கூடையை மூடிக்கொண்டாராம். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. இந்தக் கதையை என்னிடம் சொல்லும்போதும் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் பொய் சொல்லலம்மா. ஊர சொல்லாம பொருள சொன்னாங்க. அவ்ளோதான் தப்பு."

அவருடைய வீட்டுக்காரரின் அண்ணன், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க ஒரு தடவை என் கடைக்கு வந்தார். தம்பி மனைவி உட்கார்ந்து ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவருக்கு வாய் நிற்கவில்லை. "பேரன் பேத்தி எடுக்கற வயசுல பொம்பளைக்கு டாக்டர் பட்டம் எதுக்கு? ஊர்ல நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாடிக்கையாளர் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மேடம் தலையைத் தூக்கினார். "எந்த ஊர்ல மாமா?"

"எந்த ஊர்லன்னா?"

"விழுப்புரத்துலயா, திண்டிவனத்துலயா? விழுப்புரத்துல நான் உங்க தம்பி பொண்டாட்டி. திண்டிவனத்துல நான் மேத்ஸ் மேடம். ஊரு மாறுனா ஆளு மதிப்பு மாறுது பாருங்க. நீங்க எந்த ஊர சொல்றீங்கன்னு தெரிஞ்சாதான நான் பதில் சொல்ல முடியும்?"

குரலில் கேலி கொஞ்சமும் இல்லை. அந்த மனிதர் மிரண்டுபோய் மணமகன் பெயரையே தப்பாகச் சொல்லிவிட்டார். நானும் அப்படியே அடித்துவைத்தேன். பிறகு மறுபடியும் அச்சடிக்க வேண்டியதாயிற்று.

எனக்கும் அவருக்கும் சண்டை தீர்ந்து சிநேகமான பிறகு கேட்டேன். "அப்படி என்னாதான் மேடம் எட்டு வருஷமா ஆராய்ச்சி பண்றீங்க?"

"ஓட்டை எண்றேன்."

"ஓட்டையா?"

"பள்ளிக்கூடத்துல பல்லுறுப்புக் கோவை படிச்சிருப்ப. எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் எக்ஸ்னு. அதுல ஒரு சட்டம் போடறோம். எக்ஸை எக்ஸால பெருக்குனா சைபருன்னு வெச்சிக்க. அப்ப கிடைக்கறதுக்கு ஈவு வளையம்னு பேரு. அந்த வளையத்துல எத்தினி ஓட்டை இருக்குதுன்னு எண்றது என் வேல. ஹோமாலஜின்னு சொல்லுவாங்க."

"வளையல்ல ஒரு ஓட்டைதான மேடம் இருக்கும்? இத எண்றதுக்கா எட்டு வருஷம்?"

சிரித்துவிட்டார். "இந்த வளையத்துல கண்ணுக்கு ஓட்ட தெரியாதும்மா. ஒரு கோவையால எல்லாத்தையும் பெருக்கிப் பாக்கணும். எதெல்லாம் சைபரா செத்துப்போவுதோ, அத்தன ஓட்டை."

செத்தவர்களை எண்ணுகிற வேலை என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். கருமாதிப் பத்திரிகை அடிக்கிறவளுக்கு அது ஒன்றும் அந்நியமாகப் படவில்லை.

ஆய்வேடு முடிந்தது. ஐந்து அத்தியாயம். கருநீல அட்டை, தங்க எழுத்து. பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. அவருடைய கைடு கூட, "நாலாவது அத்தியாயம் மட்டும் பார்க்க ரொம்ப லட்சணமா இருக்கே" என்று பாராட்டினாராம். எனக்கு அன்றைக்குப் பகல் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் மேடம் வந்து ஒரு தாளை நீட்டினார். வெளியூர்த் தேர்வாளர் ஒருவரின் அறிக்கை. மற்ற அத்தியாயங்கள் நன்று. நாலாவது அத்தியாயத்தின் அட்டவணை முழுவதும் தவறு. முதல் வரியின் விடை ஒன்று என்பது மாணவர்களுக்கே தெரியும், ஆய்வாளரோ இரண்டு என்கிறார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இதற்குத் திருப்தியான விளக்கம் தராவிட்டால் ஆய்வேட்டை ஏற்க முடியாது.

"திருப்பி அடிச்சிக் குடுத்தா முடிஞ்சுது மேடம்" என்றேன்.

"முடியாதும்மா. பதிவுக்காலம் இந்த மாசத்தோட முடியுது. ரெண்டு தடவ நீட்டிப்பு வாங்கியாச்சு. இனிமே கிடையாது. வைவாவுல தோத்தா எட்டு வருஷமும் போச்சு."

அன்றைக்குக் கல்லூரிக்கு லீவு போட்டார். என் கடையிலேயே உட்கார்ந்து அந்த அட்டவணையை முதலிலிருந்து போட்டார். மத்தியானம் நிமிர்ந்து பார்த்தார். "மூணு தடவ போட்டுட்டேன். ரெண்டுதான் வருது. என்னோட கையெழுத்துத் தாளு இருக்குதா?"

நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. பரண்மேலிருந்து தாள்கட்டை இறக்கி நாலாவது அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் அவர் கையால் F என்றும், அதன் காலடியில் சின்னதாக 2 என்றும் எழுதியிருந்தது. அதைக் காட்டி, "நீங்க சொன்னபடியேதான் மேடம் எல்லாம் பண்ணியிருக்கேன். இந்த அத்தியாயம் மட்டும் ரெண்டாவது ஃபாண்ட்டு" என்றேன்.

"என்னா ஃபாண்ட்டு?"

என் கடையில் வழக்கம் அது. தாளின் மூலையில் F1 என்று போட்டால் சாதாரண எழுத்து. F2 என்றால் கொஞ்சம் உருண்டையான எழுத்து. பத்து வருடமாக வாடிக்கையாளர்கள் அப்படித்தான் குறித்துக் கொடுக்கிறார்கள். இவரும் என் வழக்கத்தைத் தெரிந்துகொண்டு குறித்திருக்கிறார் என்று நினைத்து, சொன்ன ஃபாண்டில் அடித்துவிட்டு, குறியை விட்டுவிட்டேன். குறியை யாராவது சேர்த்து அடிப்பார்களா?

"மத்த தாள்ல எல்லாம் மூலையில Q போட்டிருப்பேனே. அத என்னான்னு நெனச்ச?"

"சந்தேகம்னு நெனச்சேன் மேடம். க்வெஸ்டின். உங்களுக்கு எல்லாத் தாள்லயும் சந்தேகம் இருக்கறது சகஜம்தான..."

அவர் என்னையே பார்த்தார். "அது ஊரு பேரும்மா" என்றார் மெதுவாக. "அந்தக் கணக்கு எந்த ஊர்ல நடக்குதுன்னு எழுதி வெச்சிருக்கேன். Q ஒரு ஊரு. F2 ஒரு ஊரு. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில அது வரணும். சொல்லாமயே புரியும்னு இருந்துட்டேன்."

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். உலகத்தில் உள்ள எல்லாரையும் ஊர் கேட்கிறவருடைய புத்தகத்தில் ஊர் இல்லை. அவரும் எண்களை மட்டும் பார்த்தாரே ஒழிய, தலைப்பைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் எட்டு வருடத்தை உருண்டை எழுத்தில் அடித்துக் கெடுத்துவிட்டோமே என்று அழுகைதான் வந்தது.

"நான் வந்து சொல்றேன் மேடம். என் தப்புன்னு சொல்றேன்."

"வேணாம். தோத்தா டைப்பிஸ்ட்டு மேல பழி போடறது எல்லாரும் பண்றதுதான். எம்பேரு போட்ட புஸ்தகம், நான் பதில் சொல்லிக்கறேன்."

வைவா திண்டிவனத்திலேயே, மேடத்தின் கல்லூரி மண்டபத்தில் நடந்தது. பொது நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் வரலாம். நான் கடையைப் பூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் மிக்சரும் ஜாங்கிரியும் வைத்து டப்பா கொடுத்தார்கள். ஆய்வாளர் செலவில் அது ஒரு சம்பிரதாயம். நான் டப்பாவைத் திறக்கவில்லை.

தேர்வாளர் தெற்குச் சீமைக்காரர். வெள்ளைச் சட்டை, கண்டிப்பான முகம். மேடம் பேசி முடித்ததும் அவர் எழுந்து போய்க் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். "அம்மா, எக்ஸ் ஸ்கொயர் பூஜ்யம். 2x-ஆல் பெருக்குறோம். விடை ஒண்ணு. இதை எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகூடச் சொல்லுமே. நீங்க எப்படி ரெண்டுன்னு போட்டீங்க?"

"ஒண்ணுன்னா ஒத்துக்கறேன் சார்" என்றார் மேடம். "எந்த ஊர்ல?"

கைடு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மேடம் நேரே சுவருக்குப் போனார். ட்யூப்லைட் சுவிட்ச் பெல் மாதிரி அமுக்குகிற வகை. ஒரு தடவை அமுக்கினார், எரிந்தது. இன்னொரு தடவை அமுக்கினார், அணைந்தது. "ரெண்டு தடவ அமுக்குனா அமுக்காத மாதிரியே ஆயிடுது சார். இந்த சுவிட்ச்சு ஊர்ல ஒண்ணும் ஒண்ணும் சேந்தா சைபர். இதுக்குப் பேருதான் F2."

பலகைக்கு வந்தார். தேர்வாளர் எழுதியதற்குப் பக்கத்தில் a + bx என்று எழுதினார். "உங்க ஊர்ல இத 2x-ஆல பெருக்குனா 2ax மிஞ்சும். bx மட்டும் சாவும். செத்தது ஒரு பங்கு, விடை ஒண்ணு. நீங்க சொன்னது சரி. என் ஊர்ல ரெண்டே சைபர் சார். அப்ப 2x-உம் சைபர். a-யும் சாவுது, b-யும் சாவுது. ரெண்டு பங்கு. விடை ரெண்டு. நாலாவது அத்தியாயம் முழுக்க இந்த ஊருதான்."

எனக்குப் புரிந்தது! வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் அடித்த ஒரு கணக்கு எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

தேர்வாளர் பலகையில் இருந்ததை வரிவரியாகச் சரிபார்த்தார். "கணக்கு சரி. ஆனா ஆய்வேட்டுல எந்தப் பக்கத்துலயும் F2 கிடையாது. நான் தேடிட்டேன். என் அறிக்கை வந்தப்புறம், உங்க விடைக்குப் பொருத்தமா ஒரு ஊரைப் பார்த்துப் பிடிச்சீங்களா?"

மேடம் பையைத் திறந்தார். "முன்னாடியே எழுதனது சார். கையெழுத்துத் தாள்ல இருக்குது" என்று தாள்களை நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். "மூலையில ரெண்டு எழுத்து. இதை நேத்து ராத்திரிகூட எழுதியிருக்கலாம் அம்மா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மேடம் என் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தப்பித்திருப்பார். சொல்லவில்லை. என்னால் உட்கார முடியவில்லை.

"ஐயா!" என்று எழுந்துவிட்டேன். கத்திவிட்டேன் என்றே சொல்லலாம். "நான்தாங்க இத டைப் அடிச்சவ. தப்பு என்னுதுங்க. F2-ன்னா எங்க கடையில ரெண்டாவது ஃபாண்ட்டு. மேடம் மூலையில எழுதியிருந்ததப் பாத்துட்டு அந்த அத்தியாயத்த மட்டும் வேற எழுத்துல அடிச்சிட்டேன். உங்க கையில இருக்கற புஸ்தகத்தயே பாருங்க. அறிக்க எழுதறதுக்கு முன்னாடி உங்களுக்கு வந்த புஸ்தகம்தான அது? மூணாவது அத்தியாயத்தயும் நாலாவது அத்தியாயத்தயும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாருங்க. g பாருங்க, வாலு வேற மாதிரி இருக்கும்."

அவர் தம்முடைய பிரதியைத் திறந்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, ஐயோ கோபம் வந்துவிட்டது என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டபமே சிரித்தது. கைடு எட்டிப் பார்த்து, "அதான் லட்சணமா இருந்துச்சா!" என்றதும் இன்னொரு அலை.

ஆனாலும் மனிதர் சும்மா விடவில்லை. "எக்ஸ் க்யூப் பூஜ்யம்னா?" என்று கேட்டார்.

"3x²-ஆல பெருக்கணும் சார். மூணு சைபராவற ஊர்ல விடை மூணு. மத்த எல்லா ஊர்லயும் ரெண்டு."

"எக்ஸ் பவர் ஆறு?"

"ரெண்டு சைபராவற ஊர்லயும் ஆறு, மூணு சைபராவற ஊர்லயும் ஆறு. மத்த ஊர்ல அஞ்சு."

"அஞ்சு சைபராகிற ஊர்ல?"

"அஞ்சுதான் சார். அங்க ஆறுல அஞ்சு போயி ஒண்ணு மிஞ்சும், சாவாது."

பேனா எடுக்கவில்லை, பேப்பர் எடுக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில். வளவனூர்க் காலனியிலிருந்து கிளம்பி வந்த அந்த ஒல்லி உடம்பு அந்த மேடையில் எவ்வளவு உயரமாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, கணக்குல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா ஊர் பேர் இல்லாத புத்தகத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். நாலாவது அத்தியாயத்தோட முதல் பக்கத்தைத் திருத்திக் கொண்டுவாங்க. நாலரைக்கு எனக்கு ரயில்."

மணி மூன்றரை. நான் ஆட்டோவைக் கூப்பிடுவதற்குள், "நானும் வர்றேன், அங்கேயே பார்த்துடறேன்" என்று அவரும் ஏறிக்கொண்டார். கைடு முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்.

என் கடையில் அவ்வளவு படித்தவர்கள் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. மேடம் சொல்லச் சொல்ல, இந்த அத்தியாயம் முழுவதும் F2-இன் மேல் என்று பொருள்படும் ஒற்றை வரியை அடித்தேன். அந்தச் சின்ன 2-ஐக் காலடியில் கவனமாக இறக்கி வைத்தேன். "எந்த ஃபாண்ட்டு மேடம்?" என்று கேட்டேன். "ஒண்ணாவது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நாலு பிரதிக்கு நாலு தாள். தேர்வாளர் ஒவ்வொன்றையும் படித்தார். பிறகு என் கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு, அறிக்கைப் படிவத்தை அந்த இடத்தில் விரித்து, நின்றபடியே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். படித்தும் காட்டினார். பட்டம் வழங்க முழு மனதோடு பரிந்துரைக்கிறேன் என்று இருந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "ரயிலுக்கு நேரமாச்சு. வர்றேன் டாக்டர்" என்று கைகூப்பினார்.

டாக்டர் யார் வந்திருக்கிறார் என்று நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி மேடத்தைப் பார்த்தேன். ஜெராக்ஸ் மிஷின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. சின்ன வயதில் தெருவில் அடித்ததோடு சரி. இரண்டு விரலை வாயில் வைத்து, சந்து முழுக்கக் கேட்கும்படி ஒரு விசில் அடித்தேன். எதிர்க் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணன் டியூபைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னா ஆச்சு, சண்டையா?"

"சண்ட முடிஞ்சுதுண்ணே" என்றேன். "ஜெயிச்சிட்டோம்."